வாளி மேல் நிற்கிறவளுக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

நான் அப்பவே சொன்னேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று கிழமை, நேரம் முதற்கொண்டு சொன்னவன் நான். சந்தேகம் இருந்தால் உன் அம்மாவைக் கேள். "அக்கா, உன் பெண் தெருவில் நின்று வாயைத் திறந்தால் ஒரு நாள் எவராவது தலையில் தண்ணீரைக் கொட்டுவார்கள்" என்று போன வருஷமே சொல்லிவிட்டேன். மீன் கழுவிய தண்ணீர் என்பதை மட்டும், அக்கா மனசு நோகக்கூடாதே என்று சொல்லாமல் விட்டேன்.

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அம்மாவின் முழங்கால் வலி மட்டும், பழைய வாடகைக்காரர் மாதிரி காலி பண்ணமாட்டேன் என்கிறது. உன் உடம்பு எப்படி? தலையை நன்றாகத் தேய்த்துக் குளித்தாயா?

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். நான் வேலை பார்க்கிற மரமில்லுக்குக் கட்டை ஏற்றி வருகிற லாரிக்காரர் உன் ஊர் வழியாகத்தான் வருகிறார். போன சனிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட் வாசலில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். "ஒரு பொண்ணுங்க. கவுத்துப் போட்ட வாளி மேல ஏறி நின்னு, இயேசு உங்களத் தேடி வந்திருக்காருன்னு கத்துது. எதிர்ல காய்கறி விக்கிற அம்மா, 'தேடி வந்தவரு என் கடைய மறைச்சிட்டுத்தான் நிக்கணுமா?'ன்னு கேக்குது. ஒரே சிரிப்பு. அதுக்கும் அந்தப் பொண்ணு நிறுத்தல. அப்பதான் மீன்காரர் தண்ணிய எடுத்தாரு" என்றார். வாளி என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் விளிம்பு சீவுகிறவள் நம் வீட்டில்தானே பிறந்தாள்!

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கேட்டாலே அழுதவள் நீ. வாயில்லாப் பூச்சி என்று உனக்குப் பேர் வைத்ததே நான்தான். நாமும் ஆலயத்துக்குப் போகிறவர்கள்தான். நாலாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் இருக்கிற இடம் இருபது வருஷமாக என் இடம். பிரசங்கம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவன் நான். கடவுள் காரியத்தைக் கட்டிடத்துக்குள் வைத்துக்கொண்டால் அவருக்கும் மரியாதை, நமக்கும் சட்டை நனையாது.

உன் அம்மா சொல்லச் சொன்னது: போதும், வீட்டுக்கு வா. நான் சொல்வதும் அதுவே. ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் பத்து ஆகிறது. படித்தவன் பேச்சைக் கேள்.

இப்படிக்கு, உன் நன்மையைத் தவிர வேறு வேலை இல்லாத
மாமா

*

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூன்று தடவை குளித்தும் வாசனை போக இரண்டு நாள் ஆனது. அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்க்கும்போது மேலிருந்து கீழாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

லாரிக்காரர் சொன்னது எல்லாம் சரி. ஒன்றை விட்டுவிட்டார். தண்ணீர் கொட்டிய பிறகும், சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். பல் கிட்டிக்கொண்டதில் பாதி வார்த்தை யாருக்கும் புரிந்திருக்காது.

ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் ஓர் அக்கா இருந்தார். தினமும் அழுவார். அழுதுகொண்டே விளிம்பு சீவுவார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை தெரிந்திருந்தது: உங்களை நேசிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் எதையும் இறக்கி வைக்கலாம் என்று. ஒரு வருஷம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பாரோ, மேற்பார்வையாளர் திட்டுவாரோ என்று. ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. இனி வரமாட்டார் என்றார்கள். அந்த மிஷினில் அடுத்த நாளே வேறு ஆள்.

எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தேன், மாமா. இனி இருக்க முடியாது.

இங்கே எங்கள் சபை மூப்பரும் உங்களைப் போலத்தான் சொல்கிறார். "தெருவில் நின்று சபை மானத்தை வாங்காதேம்மா" என்றார். என்னோடு மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். பத்து வாரம் ஆயிற்று. ஒருவர்கூட நின்று கேட்கவில்லை. ஜூன் கடைசிவரை பார்க்கிறேன். அதுவரை ஒருவராவது கேட்காவிட்டால், எனக்கு அழைப்பு இல்லை என்று வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்.

உங்கள் அன்புள்ள
மருமகள்

*

ஏப்ரல் 28

அன்புள்ள மருமகளுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு லேசாக இருமல். மரத்தூள் முப்பது வருஷமாக உள்ளே போய், இப்போது நெஞ்சுக்குள்ளேயே ஒரு அலமாரி செய்துகொள்ளலாம் போல இருக்கிறது. பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு மில் வேலைதான் காரணம். வேறொன்றும் இல்லை.

ஜூன் கடைசி என்ற உன் பேச்சை அக்காவிடம் சொன்னேன். அன்றிலிருந்து நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குள் இங்கே ஒரு விசேஷம். மில்லில் புதிதாகக் கட்டை தூக்க ஒருவர் சேர்ந்திருக்கிறார். நெட்டையர் என்று கூப்பிடுகிறோம். ஆறரை அடி. வாசலில் குனிந்தால் எதிரே இருப்பவர் தனக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார். இரண்டு ஆள் தூக்குகிற கட்டையை ஒரு தோளில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் மூக்கைச் சொறிவார். மனைவி, மூன்று பிள்ளைகள். படிக்கத் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பதற்காகத்தான் படித்தேன், மறைக்கவில்லை. ஆனால் அவர் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார் பார், நானே அசந்துபோனேன்.

"ஒருத்தன் தப்பு பண்ணிட்டு நல்லா இருக்கான். பண்ணாதவன் அதுக்குத் தண்டனை அனுபவிக்கிறான். இதையெல்லாம் உன் மருமக சொல்ற சாமி எங்க நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு?"

பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் ஜூன் வரை எதற்கு, இப்போதே பெட்டியைக் கட்டு.

மில்லில் மற்றபடி எப்போதும் போலத்தான். புதிதாக வருகிறவர்களுக்கு ரம்பத்தைக் காட்டி எச்சரிக்கை சொல்கிற வேலை இன்னும் என்னுடையது. உனக்கும் தெரிந்த கதைதான்: பதினோரு வருஷத்துக்கு முன், ரம்பத்தின் மூடி கழன்றிருந்தபோது ஒருவருடைய வலது கை உள்ளே போனது. இப்போது அவருக்கு இடக்கைக்காரர் என்று பேர். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல் ஓடியவன் நான். வழியில் ஒரு பஸ்ஸையே முந்தினேன். அந்தக் கதையை நான் சொல்கிற மாதிரி வேறு யாராலும் சொல்ல முடியாது என்று சின்ன முதலாளியே சொல்வார்.

சைக்கிளைக் கைவிட்டு ஓட்டினவன், இப்போது மில்லுக்கு நடந்தே போகிறேன். ஸ்டேஷன் ரோடு வழியாகப் போனால் பக்கம். ஆனால் நான் குளத்தைச் சுற்றிப் போகிறேன். நடை உடம்புக்கு நல்லது.

மாமா

*

மே 6

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்; உங்கள் அழகு கெட்டுவிடாது.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். ஒருவர் கேட்டிருக்கிறார்! இங்கே என் முன்னால் நின்று கேட்கவில்லை, எங்கோ இருக்கிற மரமில்லில், நீங்கள் சிரிப்பதற்காகப் படித்ததை ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூன் கடைசி என்று நான் சொன்னது இனி இல்லை. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

நெட்டையர் கேட்டதற்கு நான் மூன்று நாள் யோசித்தேன். படித்தவர்கள் நிறையச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தப்பே செய்யாதவர் ஒருவர், செய்தவர்களுக்கான தண்டனையை வாங்கிக்கொண்டு சிலுவையில் தொங்கினார். நாங்கள் கும்பிடுவது அவரைத்தான். அவர் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று நெட்டையர் கேட்கிறார். தண்டனை அனுபவித்தாரே, அந்த இரண்டாவது ஆள், அவர் நின்ற இடத்தில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது அவருக்குப் போதுமா தெரியவில்லை. வேறு கேட்டால் எழுதுங்கள்.

போன சனிக்கிழமை ஒருவர் பக்கத்தில் வந்து, "கழிச்ச வாளி மேல நிக்கிற கழிச்ச பொண்ணு" என்று பாட்டாகவே பாடினார். அது உண்மைதான். கம்பெனியில் விளிம்பு கோணலாகிக் கழித்துப் போட்ட வாளி அது. கோணலாக இருந்தாலும் என்னைத் தாங்குகிறது என்றேன். காய்கறிக்கார அம்மா, "பதில மட்டும் தராசுல போட்ட மாதிரி சொல்லுவா!" என்றார். திட்டினாரா, பாராட்டினாரா தெரியவில்லை.

அன்புடன்
மருமகள்

*

ஜூன் 14

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அம்மா நாள்காட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு.

நெட்டையருக்கு உன் பதிலைப் படித்தேன். மனுஷன் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம்வரை ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு பெரிய ஆள் பேசாமல் இருந்தால் மில்லே பேசாமல் இருக்கிற மாதிரி இருக்கிறது. கல்யாணம் ஆகாதவர் இல்லையா, வீட்டில் பேச ஆள் இல்லை; எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுப் புரட்டுகிறார் போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து வந்து கேட்டார். "சரி. அந்த ரெண்டாவது ஆள் நின்ன எடத்துல உன் சாமி நின்னாரு. அப்ப மொத ஆள்? தப்பு பண்ணவன்? அவனுக்கு ஏதாவது வழி இருக்கா? பல வருஷம் ஆயிருந்தா? யாருக்கும் தெரியாம சாமிகிட்ட மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா போதுமா?"

நான், போதும் என்று சொல்லிவிட்டேன். நாலாவது வரிசைக்காரன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். ஆனாலும் உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார்.

உன்னை நிறுத்தச் சொல்வதை நான் நிறுத்தவில்லை என்பதை நினைவில் வை. நெட்டையருக்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்து.

மாமா

*

ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவின் கோபம் தணிந்ததா?

இங்கே வாளி போய்விட்டது. அதில் கம்பெனி பேர் அச்சடித்திருக்கிறது. யாரோ மேற்பார்வையாளரிடம் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். "நம்ம வாளி மேல நின்னு பேசினா நாமளே பேசற மாதிரி ஆயிடும்" என்று பறித்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்கால ஷிஃப்டிலும் போட்டுவிட்டார்கள், நான் மார்க்கெட் பக்கம் போகக்கூடாது என்று. அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் போனேன். வெறும் தரையில் நின்று பேசினேன். என் உயரத்துக்கு, முன்னால் நிற்கிற ஆட்டோதான் என் பிரசங்கத்தைக் கேட்டது.

பாதியில் காய்கறிக்கார அம்மா ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். "ஏறி நின்னு தொலை. மூஞ்சி தெரியாம சத்தம் மட்டும் வந்தா ஜனங்க யாருன்னு தேடுது, என் கடையப் பாக்க மாட்டேங்குது" என்றார். ஏறி நின்றேன். மீன்காரர் விசில் அடித்தார்.

நெட்டையருக்கு.

வழி இருக்கிறது. எத்தனை வருஷம் ஆனாலும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நான் பெட்டி மேல் நிற்கிறேன். ஆனால் மாமா, மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும் என்று நீங்கள் சொன்னது சரியில்லை. கடவுளிடம் கேட்டால் அவர் மன்னிப்பார். அதில் சந்தேகமே வேண்டாம். மன்னிப்பு கிடைத்தவன் பிறகு ஒளிந்துகொண்டு இருக்கமாட்டான். அந்த இரண்டாவது ஆள் உயிரோடு இருந்தால், நெட்டையர் அவர் முகத்துக்கு நேரே போய்ச் சொல்ல வேண்டும். பழி அவர் மேல்தான் என்று நம்புகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் சொல்ல வேண்டும். அவர் மன்னிக்காமல் போகலாம். கதவைச் சாத்தலாம். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கடுமையாக எழுத எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் நான் நம்புவதை நெட்டையருக்காகக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஒரு சின்னச் சந்தேகம். முந்தின கடிதத்தில் அவருக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். இதில் கல்யாணமே ஆகவில்லை. பரவாயில்லை. அவரவர் வீட்டு விஷயம்.

அன்புடன்
மருமகள்

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? நான் எழுதி ஏழு வாரமாகியும் பதில் இல்லை. எப்போதும் தாளின் ஓரத்தில்கூட எழுதி அனுப்புகிறவர் நீங்கள்.

பக்கத்து வீட்டு டீச்சரை எழுதவைத்து அம்மா ஒரு கடிதம் போட்டிருந்தார். "உன் மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு மாதமாகப் பொய்யே சொல்வதில்லை. பயமாக இருக்கிறது" என்று இருந்தது. முதலில் சிரித்தேன். பிறகு எனக்கும் பயமாகிவிட்டது.

உடம்பு சரியில்லையா? நெட்டையருக்கு என் மேல் கோபமா? நான் எழுதியதை மாற்றிக்கொள்ளலாமா என்று பலமுறை தாளை எடுத்தேன். மாற்ற மனம் வரவில்லை. அவருக்காக ஜெபம் செய்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

மருமகள்

*

செப்டம்பர் 9

மருமகளுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அக்காவும் நன்றாக இருக்கிறாள்.

நெட்டையருக்குக் கோபம் இல்லை. யோசிக்கிறார். போன வாரம் ஸ்டேஷன் ரோடு முனைவரை போனார். அங்கிருந்து திரும்பி வந்துவிட்டார்.

மாமா

*

செப்டம்பர் 20

என் அன்பு மாமாவுக்கு,

இரண்டு பேரும் சுகம் என்று அறிந்து நிம்மதி.

நெட்டையரிடம் இதைச் சொல்லுங்கள். நான் முதல் தடவை மார்க்கெட்டுக்குப் பேசப் போன நாளில் பேசவே இல்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை மூன்று முறை சுற்றினேன். காய்கறிக்கார அம்மா, "வாளியில போட என்ன வேணும்?" என்று கேட்டார். பயத்தில் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வெட்டுகிற சாக்கில் நன்றாக அழுதேன்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இப்போதும் கால் நடுங்கும். பெட்டிதான் ஆடுகிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பயம் போன பிறகு பேசலாம் என்று இருந்தால் நான் இன்னும் வெங்காயம்தான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

முனைவரை போனவர் இன்னும் கொஞ்ச தூரம் போவார்.

இதுவரை என் பேச்சைக் கேட்டது அவர் ஒருவர்தான், மாமா. இங்கே சிரிப்பும் விசிலும் அதிகமாகிற நாளில், அங்கே ஒருவர் கேட்டார் என்று நினைத்துக்கொள்வேன். அதை வைத்துத்தான் அடுத்த வாரமும் ஏறுகிறேன். அவருக்கு நான் தனியாகக் கடிதம் எழுதவில்லை. நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். ஜெபத்தில் நெட்டையர் என்றே சொல்கிறேன். சொந்தப் பேர் கடவுளுக்குத் தெரியும்.

அன்புடன்
மருமகள்

*

நவம்பர் 11

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

இங்கே மழை. உன் அம்மாவின் முழங்கால் அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டது. இருமல் குறைந்திருக்கிறது, துணி கட்டிக்கொள்கிறேன். உன் கால் நடுக்கம் எப்படி இருக்கிறது?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன். பழக்கம் இல்லை, மெதுவாகத்தான் வரும்.

அக்டோபர் கடைசியில் மில்லில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவருக்கு என் வயசு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தோம். சின்ன முதலாளியும் இருந்தார். "சவடால், இவங்களுக்கு இடக்கைக்காரர் கதையச் சொல்லு" என்றார்கள். மில்லில் என் பேர் சவடால் என்பது உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டாய்.

எழுந்து நின்று ஆரம்பித்தேன். பதினோரு வருஷமாகச் சொன்ன கதை. வாய் தானாக ஓடியது. காலை நேரம், தேக்குக் கட்டை, ரம்பத்தின் சத்தம் எல்லாம் வந்தது. "அன்னைக்கு ரம்பத்து மூடி கழன்றிருந்தது" என்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் எப்போதும் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இடக்கைக்காரர் மாதிரி அசட்டையா மூடியக் கழட்டிப் போடாதீங்க" என்பேன். அன்றைக்கு நிறுத்தினேன். அதற்கு மேல் அந்த வாக்கியம் வரவில்லை.

"மூடிய அவர் கழட்டல. நான்தான் கழட்டினேன்" என்றேன்.

தூள் அடைத்திருந்தது, எடுப்பதற்காகக் கழற்றினேன். திரும்ப மாட்டக் கால் மணி நேரம் ஆகும். மதியத்துக்குள் இருபது கட்டை அறுத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டிருந்தேன். அதனால் மாட்டவில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோது அவரை என் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். மூடி இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. பெரிய முதலாளி வந்து, "யார் கழட்டினது?" என்று கேட்டபோது அவர் ஆஸ்பத்திரியில் மயக்கமாகக் கிடந்தார். எல்லோரும் அவர் பேரைச் சொன்னார்கள். நான் பேசவில்லை. குடித்துவிட்டு வந்திருப்பார் என்றுகூட ஒருவர் சொன்னார். அதற்கும் பேசவில்லை. வாயில்லாப் பூச்சி என்று உனக்கு நான் பேர் வைத்தேனே, அது தவறான விலாசத்துக்குப் போய்விட்டது.

சின்ன முதலாளி கையைக் கழுவிக்கொண்டே, "இப்ப எதுக்கு இதெல்லாம்? அப்பாவே போயாச்சு" என்றார். என் வயசுக்காரர் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன். எச்சரிக்கை சொல்கிற வேலையையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனேன். இடக்கைக்காரர் அங்கே சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டுக் கொடுக்கிறார். சீட்டில் ஒரு பாதியைச் சைக்கிளில் மாட்டி, மறு பாதியைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரே கையால் கிழிக்க முடியாது. பல்லால் கடித்துக் கிழிக்கிறார். பதினோரு வருஷமாகப் பல்லால். அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் குளத்தைச் சுற்றினேன். உடம்புக்கு நல்லதென்று இல்லை.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நான் கழட்டலைன்னு எனக்குத் தெரியாதா? அங்க இருந்தது நீயும் நானும்தான். நீ வந்து சொல்லுவன்னு ஆஸ்பத்திரியில வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு மாசம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்." ஒரு சைக்கிள் வந்தது, சீட்டைக் கடித்துக் கிழித்தார். "இப்ப உன் பாரத்த எறக்கி வைக்க என் தலைதான் கெடைச்சுதா? போய்யா."

மன்னிச்சுடு என்றேன். "போ" என்றார். போய்விட்டேன்.

உன்னை நினைத்துக்கொண்டேன். மறுநாளும் போனேன். பேசவில்லை. மூன்றாம் நாளும் போனேன். நாலாம் நாள், "இங்க வண்டி இல்லாம நிக்கக் கூடாது. போர்டு பாக்கல?" என்றார். போர்டு இருந்தது.

அதனால் ஐந்தாம் நாள் லாரிக்காரரிடம் ஒரு பழைய சைக்கிள் கேட்டு வாங்கினேன். கைவிட்டு ஓட்டினவன் என்று எழுதியிருந்தேன். கை வைத்தே எனக்கு ஓட்டத் தெரியாது. வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை தள்ளிக்கொண்டே போனேன். மழையில் இரண்டு தடவை அது என் மேல் விழுந்தது. கணுக்காலில் ரத்தத்தோடு போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. சைக்கிளைப் பார்த்தார், காலைப் பார்த்தார். என் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தார்.

"ஓட்டத் தெரியாதே உனக்கு" என்றார்.

"தெரியாது."

சீட்டை வாயில் வைத்துக் கடித்துக் கிழித்தார். ஒரு பாதியைச் சைக்கிளில் மாட்டினார். மறு பாதியை என் கையில் வைத்தார். அது ஈரமாக இருந்தது. வேறொன்றும் பேசவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. தினமும் தள்ளிக்கொண்டு போகிறேன், தினமும் சீட்டுக் கொடுக்கிறார். ஓரமாக அரை மணி நேரம் நிற்கிறேன். நேற்று, "அந்த ஓரத்துல ஒழுகுது, இந்தப் பக்கம் நில்லு" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு அன்று ஆலயத்தில் தூணுக்குப் பின்னால் உட்காரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தேன். கண் திறந்தே இருந்தது. மீதியை நேரில் சொல்கிறேன். எழுதினால் தாள் நனைகிறது.

உன்னை இனி வீட்டுக்கு வா என்று கூப்பிடமாட்டேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு உன் அம்மா உள்ளே போனாள். பிறகு பெட்டியைத் திறந்து நாள்காட்டியை எடுத்து ஆணியில் மாட்டினாள். "ஞாயிறு மதியம்தானே நிக்கிறா? அந்த நேரம் நான் ஜெபம் பண்றேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் பயந்தேன். இந்தக் கடிதங்களில் நான் கூட்டி எழுதியதை நீயே கழித்துக்கொள்வாய்: முந்திய பஸ், நாள் சொல்லி நடந்த ஜோசியம், எல்லாவற்றையும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும் நிஜம். ஆனால் ஒன்றை நானே என் கையால் கழிக்க வேண்டும். ஒருவர் கேட்டார் என்பதை வைத்துத்தான் ஏறி நிற்கிறேன் என்று எழுதினாயே. உன் காலுக்குக் கீழே இருக்கிற பெட்டியை நானே உருவுகிறேனோ என்று இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு எழுதுகிறேன். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

நெட்டையர் என்று மில்லில் யாரும் இல்லை. உன்னை ஒரு கேள்வியில் மடக்கி வீட்டுக்கு இழுத்து வர நான் செய்த ஆள் அவர். முதல் கேள்வியை மடக்கத்தான் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதே அது என் கேள்வியாகிவிட்டது. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போனது நான்.

ஆகையால், ஒருவர் கேட்டார் என்று நீ வைத்திருக்கிற எண்ணிக்கையைத் திருத்தாதே. உயரத்தை மட்டும் திருத்திக்கொள். ஐந்தடி நாலு அங்குலம்.

சரி, மூன்று.

மாமா